வட்டம் சுற்றுகிறதா, படம் திக்குகிறதா: வெள்ளவத்தை வீடொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் மஞ்சத் திருவிழா நடந்துகொண்டிருந்த பின்னேரம் பெரியப்பா போன் எடுத்தார். "தம்பி, சாமி வெளிய வாற நேரம் பார்த்து வட்டம் சுத்துது. ஒரு மாசமா உப்பிடித்தான் கிடக்கு. லைனைப் பெரிசாக்கச் சொல்லிக் கோல் சென்டரில இருக்கிற பிள்ளை சொல்லுது. ஆக்கட்டோ?" வேண்டாம் பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறன், அதுக்குள்ள காசு கட்டிப்போடாதேங்கோ என்றேன்.

பெரியப்பாவுக்கு 78 வயது. முழங்கால் வலியால் யாழ்ப்பாணம் போய் நாலு வருடமாகிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில், பின் அறைக் கணினிக்கு முன்னால் கதிரை போட்டு, வேட்டி கட்டி, திருநீறு பூசி உட்கார்ந்துதான் பார்க்கிறார். நல்லூரில் நேரம் பிசகாது. மணி அடித்தால் அடித்ததுதான். நடுவில் ஒரு நிமிடம் படம் நின்றால் அந்த நிமிடம் அவருக்குப் போனது போனதுதான். ஆகவே இதைச் சின்னத் தொல்லை என்று நான் எடுக்கவில்லை.

கொழும்பில் ஓர் அலுவலகத்தில் 11 வருடமாகக் கணினிகளைப் பராமரிக்கிறேன். "வீடியோ சரியான ஸ்லோ" என்று உறவுக்காரர், நண்பர்கள் யாராவது கிழமைக்கு ஒரு தடவையாவது கேட்பார்கள். இந்த வீட்டுக் கதையை முழுதாக எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே மூன்று கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. முதலாவதைச் சரிசெய்ததும் படம் முன்பைவிட மோசமாகியது. அது ஏன் என்று விளங்கினால், வீட்டுக் கணினியில் வீடியோ தடைப்படும் விஷயத்தில் பாதி விளங்கிவிடும்.

போனில் கேட்ட கேள்வி

போனை வைக்குமுன் ஒன்று கேட்டேன். "படம் அப்பிடியே நிண்டு நடுவில வட்டம் சுத்துதோ, இல்லாட்டி ஓடிக்கொண்டே திக்கித் திக்கிப் போகுதோ? அந்த நேரம் சத்தம் என்ன செய்யுது?"

பெரியப்பா கணிதம் படிப்பித்தவர். கேள்வியை ஒருமுறை மனதுக்குள் வாசித்துவிட்டுத்தான் விடை சொல்வார். "வட்டம் பின்னேரத்தில. திக்குறது எந்த நேரமும். திக்கேக்க சத்தம் ஒழுங்கா வரும், பாடுறவற்ற வாய்தான் பிந்தி அசையும்" என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் எனக்குச் சொல்லியிருக்காது. வட்டமும் திக்கலும் வேறு வேறு நோய். வீடியோ தளத்திலிருந்து படம் சில விநாடித் துண்டுகளாக இறங்கி, நம் கணினியில் ஒரு தொட்டியில் சேருகிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. பிளேயர் அந்தத் தொட்டியிலிருந்து எடுத்துத்தான் காட்டுகிறது. தொட்டி வற்றினால் வட்டம் சுற்றும். அதாவது துண்டுகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. லைனோ, ரவுட்டரோ, வைஃபையோ எங்கோ பாதையில் தடை.

திக்கும்போது தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கும். சுருக்கிக் கட்டி வந்த படத்தை விரித்துக் காட்டும் வேகம்தான் கணினிக்குப் போதாது. விநாடிக்கு 60 படச்சட்டம் காட்ட வேண்டிய இடத்தில் பிந்தியவற்றை எறிந்துவிட்டு அடுத்ததுக்கு ஓடும். சத்தத்தை விரிப்பது லேசான வேலை என்பதால் அது குழம்பாது. இந்த நோய்க்கு எவ்வளவு பெரிய பெக்கேஜ் எடுத்தாலும் ஒரு பயனும் இல்லை.

நேரலைக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. பதிவான வீடியோ என்றால் ஒரு நிமிடத்துக்கு மேலாகக்கூட முன்கூட்டியே இறக்கித் தொட்டியில் வைக்கலாம். நேரலையில் இன்னும் நடக்காததை எங்கிருந்து இறக்குவது? கையிருப்பு சில விநாடிகள்தான். பழைய நாடகம் தாக்குப்பிடிக்கும் அதே லைனில் திருவிழா நின்றுபோவது அதனால்தான்.

வீடும் பெட்டியும்

காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீடு. கட்டடம் பழையது, ஃபைபர் இன்னும் உள்ளே ஏறவில்லை. செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்புத்தான். ரவுட்டர் ஹோலில், டிவிக்குப் பக்கத்தில். கணினி பின் அறையில். நடுவே இரண்டு சுவரும் ஓர் இரும்பு அலுமாரியும். கணினி 2014-இல் வாங்கியது: சிபியு, அதாவது கணினியின் மூளை, இன்டெல் ஐ3-4130, இரண்டு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. வைஃபைக்கு யுஎஸ்பியில் செருகும் சின்ன டொங்கிள். வேறு ஒன்றுமில்லை.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று என் போனில் அளந்தேன்: இறக்கம், அதாவது இணையத்திலிருந்து வீட்டுக்கு வருவது, விநாடிக்கு 15 மெகாபிட்; ஏற்றம், அதாவது வீட்டிலிருந்து வெளியே போவது, 0.8. பின் அறைக் கணினியில் அளந்தேன்: இறக்கம் 3.8. யூடியூப் தன் உதவிப் பக்கத்தில் 1080 தரத்துக்கு 5 மெகாபிட், 720-க்கு 2.5, 480-க்கு 1.1 வேண்டும் என்கிறது. 4கே படத்துக்குத்தான் 20. அப்படியென்றால் வாசலுக்கு வரும் லைன் ஒரு 1080 படத்துக்குத் தாராளம். வீட்டுக்குள் முப்பது அடி போவதற்குள் முக்கால்வாசி காணாமல் போகிறது. அழைப்பு மையம் சொன்னபடி பெக்கேஜைப் பெரிதாக்கியிருந்தாலும் பின் அறைக்கு அந்த 3.8-தான் வந்திருக்கும்.

பெரியப்பாவுக்கு இதைக் காட்டினேன். இரண்டு எண்ணையும் ஒரு கடதாசியில் எழுதி, கழித்து, விழுக்காடும் போட்டுப் பார்த்தார்.

டொங்கிளை எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால், தகரத்தோடு ஒட்டி, சுவரைப் பார்த்தபடி இருந்தது. பக்கத்து நீல நிற யுஎஸ்பி 3 துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. இந்த இரண்டும் அருகருகே இருக்கக்கூடாது. யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல்லே 2012-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பழைய வைஃபை டொங்கிள் பேசுவதும் அதே 2.4-இல்தான். அதோடு இது வெள்ளவத்தைத் தொடர்மாடி. போனில் பார்த்தால் அக்கம்பக்கத்து வைஃபை 20-க்கு மேல் தெரிகிறது. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். இருபது வீடும் அந்த மூன்று பாதையில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும்.

ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரைச் செருகி டொங்கிளை மேசைக்கு மேல் கொண்டுவந்ததுமே 3.8 என்பது 9 ஆகியது. ஒரு மீற்றர் வயர் செய்த வேலை இது. வைஃபை ஸ்லோ என்று வருத்தப்படுகிற யாரும் காசு செலவழிக்குமுன் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் நேரலைக்கு அலைவரிசையை நம்ப எனக்கு மனமில்லை. பம்பலப்பிட்டிக்குப் போய் 20 மீற்றர் கேட்-6 நெட்வொர்க் கேபிள் வாங்கி வந்து, நிலைக்கு மேலால் ஓட்டி, ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேரே இழுத்தேன். பெரியம்மா மட்டும், "உந்த வெள்ளை வயர் சாமியறை வாசலுக்கு மேலால போகாம இழு" என்றார். மூன்றடி சுற்றிப் போனது, பரவாயில்லை. கணினியில் 15 மெகாபிட் முழுதாக வந்தது.

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இணைய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் அமைப்பை யாரோ வெளிநாட்டு முகவரி ஒன்றுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். வீடியோ தளங்கள் நமக்குக் கிட்டவுள்ள சேமிப்புக் கணினியைத் தெரிவு செய்ய டிஎன்எஸ் இருக்கும் இடத்தையும் பார்ப்பதுண்டு. அதனால் பழையபடி ஆக்கினேன். இந்த வீட்டில் அதனால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

சரிசெய்ததும் கெட்டுப்போனது

செவ்வாய்க்கிழமை காலையில் போன். "தம்பி, முந்தியே நல்லாயிருந்தது. இப்ப படம் கல்லில போற வண்டி மாதிரித் தூக்கித் தூக்கிப் போடுது."

முதலில் எனக்கு நம்ப முடியவில்லை. லைன் நாலு மடங்கு கூடியிருக்கிறது, படம் எப்படிக் கெடும்? பஸ்ஸில் போகும்போதுதான் பிடிபட்டது. லைன் கூடியதால்தான் கெட்டது. பிளேயர் தரத்தைத் தானாகத் தெரிவு செய்வது பெரும்பாலும் எவ்வளவு வேகமாகத் துண்டுகள் வருகின்றன என்பதைப் பார்த்துத்தான். முன்பு 3.8 வந்தபோது 480, இல்லாவிட்டால் 720 என்று தாழ்த்திக் கொடுத்தது. கணினி அதைத் திக்கித் திக்கியாவது சமாளித்தது. இப்போது 15 வருகிறது என்று கண்டதும் 1080-க்கு ஏற்றிவிட்டது. குறுகிய வைஃபை இத்தனை நாளும் இந்தப் பழைய பெட்டியின் பலவீனத்தை மறைத்து வைத்திருந்திருக்கிறது.

முதல் போனிலேயே பெரியப்பா இரண்டு நோய் சொன்னார். ஒன்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு மற்றதும் அதோடு போய்விடும் என்று நினைத்தது என் பிழை. அவர் சொன்ன "எந்த நேரமும்" என்ற சொல்லை நான் அன்று காதில் போடவில்லை.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு மணிக்கே போனேன். யூடியூப்பில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் பட்டியலின் அடியில் "ஸ்டாட்ஸ் ஃபார் நேர்ட்ஸ்" என்று ஒன்று வரும். அதைத் தட்டினால் மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். இதில் மூன்று வரி போதும். பஃபர் ஹெல்த் என்பது தொட்டியில் எத்தனை விநாடிப் படம் இருக்கிறது என்பது. ஃபிரேம்ஸ் என்ற வரியில் எத்தனை படச்சட்டம் எறியப்பட்டது என்று இருக்கும். கோடெக்ஸ் என்பது படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்பது.

அன்று கண்டது: தொட்டியில் 40 விநாடிக்கு மேல் படம் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் 7,200 படச்சட்டம் காட்ட வேண்டிய இடத்தில் 2,600 வரை எறியப்பட்டிருக்கிறது. கோடெக் விபி9. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்தால் சிபியு 100 விழுக்காடு. அதற்குக் கீழே வேக வரியைப் பார்த்தேன். 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 1.6-இல் ஓடிக்கொண்டிருந்தது.

முழு வேலை கொடுத்தும் வேகம் பாதியாக இருந்தால் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெப்பம் அளக்கும் மென்பொருளைப் போட்டேன்: 94 பாகை. பெட்டியை நிறுத்தி, பக்கத் தகட்டைக் கழற்றினேன். சிபியுவுக்கு மேல் இருக்கும் விசிறியைத் தூக்கியதும், அதன் கீழிருந்த அலுமினிய இதழ்களுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தட்டை, துணி மாதிரி, முழுதாகக் கையோடு வந்தது. கடல் ஈரத்தில் தூசி இப்படித்தான் படியும். உதிராது, ஒட்டிப் பாயாகிவிடும். இதழ்களுக்கு இடையில் காற்றுப் போக ஊசி இடைவெளிகூட இல்லை. சிபியுவுக்கும் இதழ்களுக்கும் நடுவே பூசியிருந்த, சூட்டைக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல் பொரிந்திருந்தது. 11 வருடம் யாரும் திறக்காத பெட்டி. இவ்வளவு நாளும் எரியாமல் இருந்ததற்குக் காரணம், சூடு ஏற ஏற அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்டதுதான்.

தூரிகையால் தட்டி, பழைய பேஸ்டை ஸ்பிரிட்டில் துடைத்து, அரிசி மணி அளவு புதிது வைத்து, விசிறியைப் பூட்டினேன். அதே வீடியோ, அதே தரம்: 64 பாகை, 3.4 கிகாஹெர்ட்ஸ், சிபியு 70 விழுக்காடு. எறியப்படுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்தால் மறுபடி திக்கியது.

அந்த 70 விழுக்காடுதான் அடுத்த கேள்வி. ஒரு வீடியோவை விரிக்க ஏன் முழுக் கணினியும் மூச்சு வாங்க வேண்டும்? இதற்கென்றே கிராஃபிக்ஸ் பகுதிக்குள் தனிச் சுற்று ஒன்று உண்டு. அந்தச் சுற்றுக்கு எந்தெந்தச் சுருக்கல் முறை தெரியுமோ அவற்றைச் சிபியுவைத் தொந்தரவு செய்யாமல் அதுவே விரித்துவிடும். ஐ3-4130 வெளிவந்தது 2013-இல். விபி9 முறை இறுதியானதும் அதே 2013-இல்தான். அந்தச் சிபியுவை வரைந்த காலத்தில் அந்த முறையே முடிவாகவில்லை என்றால் அதை விரிக்கும் சுற்று உள்ளே எப்படி இருக்கும்? 2003-இல் வந்த எச்.264 மட்டும் இதற்கு நன்றாகத் தெரியும். விபி9 வந்தால் முழுச் சுமையும் சிபியுவின் தலையில்.

அதற்கு மேல் இன்னொன்றும் கண்டேன். குரோமின் அமைப்புகளில், சிஸ்டம் பகுதியில், கிராஃபிக்ஸ் அக்சிலரேஷன் அணைந்திருந்தது. அது அணைந்தால் எச்.264-ஐக்கூட அந்தத் தனிச் சுற்றிடம் கொடுக்க மாட்டாது. அணைத்தது நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் வீடியோ கறுப்பாக வருகிறது என்று பெரியப்பா சொன்னபோது, அதை அணைத்ததும் படம் தெரிந்தது, அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். கறுப்பாக வந்ததற்கு உண்மையான காரணம் பழைய கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது அந்தப் பகுதியை இயக்கும் மென்பொருள். அன்று டிரைவரைப் புதுப்பித்திருக்க வேண்டும். இன்று புதுப்பித்தேன், அக்சிலரேஷனைப் போட்டேன், படம் கறுக்கவில்லை. பெரியப்பாவிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, அண்டைக்கு உனக்கு பஸ்ஸுக்கு நேரம் போட்டுது" என்றார்.

அப்புறம், தளத்திடம் எச்.264 மட்டும் கேட்கும் ஒரு சின்ன நீட்டிப்பைக் குரோமில் சேர்த்தேன். சிபியு 15 விழுக்காட்டுக்கு இறங்கியது. டாஸ்க் மனேஜரின் ஜிபியு (கிராஃபிக்ஸ்) பக்கத்தில் வீடியோ டிகோட் என்ற கோடு எழும்பியது. பத்து நிமிடம் ஓடவிட்டேன், எறியப்பட்டது 3.

இதற்கு ஒரு விலை உண்டு. அதே தெளிவுக்கு விபி9-ஐவிட எச்.264 கூடிய டேட்டா எடுக்கும். அளந்து தரும் பெக்கேஜ் வைத்திருப்பவர் இதை யோசிக்க வேண்டும். பெரியப்பாவின் கதிரை திரையிலிருந்து நாலடி தள்ளித்தான் இருக்கிறது. 720-ஐயும் 1080-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டி எது எது என்று கேட்டேன். ஐந்து தடவையில் இரண்டு தடவைதான் சரியாகச் சொன்னார். 720-இலேயே நிறுத்தி வைத்தோம், டேட்டா கணக்கும் பழைய அளவில் நின்றது. இணைப்பைப் பற்றிய பேச்சில் எல்லோரும் பெரிய எண்ணைத்தான் துரத்துகிறோம். உட்கார்ந்திருக்கும் தூரத்தையும் கண்ணின் வயதையும் யாரும் அளப்பதில்லை.

ஐந்தே முக்கால்

திருகாணிகளை முடுக்கி, தூசியைக் கூட்டி அள்ளி, பெரியம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். நல்லூர் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு நல்லாயிருந்தது. மணி ஐந்தே முக்கால் இருக்கும், வட்டம் சுற்றத் தொடங்கியது.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "இதுதான்" என்றார்.

இந்த இடத்தில்தான் வழக்கமாக எல்லோரும், நானும், "பின்னேரம் எல்லாரும் பாக்கிற நேரம், லைன் இறுகும்" என்று சொல்லி முடித்துவிடுவோம். அது பல இடங்களில் உண்மையும்கூட. ஆனால் நோய் கண்முன்னால் நிற்கும்போது அளக்காமல் சொல்லக்கூடாது. கட்டளைத் திரையைத் திறந்து இரண்டு பிங் ஓடவிட்டேன். ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பதுதான் பிங். ஒன்று வீட்டு ரவுட்டருக்கு, மற்றது வெளியே ஒரு முகவரிக்கு. ரவுட்டர் ஒரு மில்லிவிநாடியில் பதில் சொன்னது. கேபிள் சரி. வெளியே போனது, மத்தியானம் 34 மில்லிவிநாடியில் திரும்பி வந்தது, இப்போது 1,300, 1,450, 1,380 என்று வருகிறது.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், எந்தச் சாதனம் எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்தேன். கணினி கொஞ்சம் இறக்குகிறது. டிவி சும்மா இருக்கிறது. ஒரு போன் மட்டும் ஏற்றப் பக்கத்தில் 0.8 மெகாபிட்டையும் பிடித்து வைத்திருக்கிறது.

குசினிக்குப் போனேன். அக்கா அப்போதுதான் வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் மூத்த மகள். கலியாண வீடுகளுக்கு மணவறை அலங்காரம் செய்கிறார். ஒவ்வொரு வேலையும் முடிய, முன்னால் பின்னால் என்று சுற்றிச் சுற்றி வீடியோ எடுப்பார். போன் ஃபிரிஜ்ஜுக்கு மேல் சார்ஜில் கிடந்தது. வீட்டு வைஃபையைக் கண்டதும் அன்றைய படம் எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு ஏற்றும்படி அமைத்திருந்தது.

"அக்கா, ஒரு நிமிசம் உங்கட போன் வைஃபையை நிப்பாட்டட்டோ?"

"நிப்பாட்டு. ஏன், வேர்க்க விறுவிறுக்க நிக்கிறாய்?"

நிப்பாட்டினேன். பின் அறையிலிருந்து பெரியப்பாவின் குரல், "வந்திட்டுது!" திரையில் பிங் 1,400-இலிருந்து மூன்று வரியில் 35-க்கு விழுந்திருந்தது. மறுபடி வைஃபையைப் போட்டேன், அரை நிமிடத்தில் வட்டம். மறுபடி நிறுத்தினேன், போனது. இப்படி மூன்று தடவை செய்தோம். அக்கா மூன்றாம் தடவை தானே வந்து திரையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஒரு மாசமா நானே அப்பாவின்ற பூசையைக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறன்" என்றார். அவருக்கு அது மனதைக் குத்தியது. தெரியாமல் நடந்தது அக்கா, இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையே என்றேன்.

கணக்குப் பாருங்கள். ஒரு கிகாபைட் என்றால் 8,000 மெகாபிட். விநாடிக்கு 0.8 வீதம் ஏற்ற 10,000 விநாடி, கிட்டத்தட்ட 2 மணி 45 நிமிடம். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால் எட்டேகாலுக்குத்தான் முடியும். கொழும்பே வீடியோ பார்க்கும் நேரமும் அதுதான் என்பதால் பழி எல்லாம் லைன் மேல் விழுந்தது. அக்கா பெரிய கொன்ட்ராக்ட் ஒன்றைத் தொடங்கியது ஒரு மாதத்துக்கு முன். பெரியப்பா சொன்ன ஒரு மாதமும் அதேதான்.

ஏறுகிற பாதை நிறைந்தால் இறங்குகிற படம் ஏன் நிற்க வேண்டும் என்று பெரியப்பா கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. அனுப்புகிறவர் ஒவ்வொரு தொகுதியையும் அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற துண்டு திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். துண்டு வந்தால்தான் அடுத்ததை அனுப்புவார். அந்தத் துண்டு நம் வீட்டிலிருந்து ஏறுகிற பாதையால் போக வேண்டும். அங்கே அக்காவின் மணவறை வீடியோக்கள் ரவுட்டரின் வாசலில் வரிசையாக நிற்கின்றன. துண்டு அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. இந்த ஒழுங்கையில் ஒரு மணல் லொறி காலி வீதிக்கு ஏற முடியாமல் நின்றால் பின்னால் ஒரு சைக்கிள்கூடப் போக முடியாதே, அதுதான். ஏடிஎஸ்எல்லில் ஏற்றப் பாதை எப்போதும் இறக்கத்தைவிட மிகக் குறுகியது. அதனால் இந்த லொறி இங்கே எளிதில் அடைத்துக்கொள்ளும்.

இந்த வரிசை நோய்க்குப் பெயரும் உண்டு. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு ஆராய்ந்து "பஃபர்ப்ளோட்" என்று பெயர் வைத்தார். வரிசையை நீள விடாமல் காக்கும் முறைகளும் பிறகு வந்தன. புதிய ரவுட்டர்கள் சிலவற்றில் இருக்கின்றன, பெரியப்பாவுடையதில் இல்லை. ஆனால் ஒரு சாதனத்துக்கு இவ்வளவுதான் என்று எல்லை போடும் வசதி இருந்தது. அக்காவின் போனுக்கு ஏற்றம் 400 கிலோபிட் என்று கட்டினேன். பாதி பாதை எப்போதும் திறந்திருந்தால் வரிசை உருவாகாது. தானாக ஏற்றுவதையும் நிறுத்தி, படுக்கப் போகுமுன் அக்காவே தட்டிவிடும்படி மாற்றினோம். அவர்களின் பெக்கேஜில் இரவுக்கென்று தனி டேட்டா உண்டு, அது இத்தனை நாளும் சும்மா காலாவதியாகிக்கொண்டிருந்தது. இப்போது அது அலங்கார வீடியோக்களுக்குப் போகிறது.

ஞாயிறு மூன்று மணிக்கு நான் செய்த ஸ்பீட் டெஸ்ட் இதை ஒருபோதும் காட்டியிருக்காது. அந்த நேரம் அக்கா ஒரு கலியாண வீட்டில் நின்றார். வட்டம் சுற்றும் நேரத்தில், வட்டம் சுற்றும் கணினியில், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது அளந்தால்தான் அளவு. அதிலும் இறக்க வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது, பிங்கையும் கூடவே பார்க்க வேண்டும்.

கொப்பி

பெரியப்பா அன்றிரவே பழைய சிஆர் கொப்பி ஒன்றை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். திகதி, நேரம், தரம், எறிந்தது, பிங், வட்டம், குறிப்பு. ஏழு நிரல். ஸ்டாட்ஸ் பெட்டியைத் திறக்கவும் பிங் ஓடவிடவும் ஒரு தடவைதான் காட்டினேன். அதற்குப் பிறகு என்னைக் கேட்கவில்லை.

சப்பறத்தன்று பின்னேரம் நான் போகவில்லை, போனும் வரவில்லை. தேரன்று விடியவே ஒரு படம் அனுப்பியிருந்தார், கொப்பியின் ஒரு வரி: "தேர். 7.10. 720. எறிந்தது 2. பிங் 36. வட்டம் இல்லை." குறிப்பு நிரலில் "ஆறுமுகசுவாமி வடிவாய்த் தெரிந்தார்" என்று எழுதியிருந்தது.

அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஐப்பசி பிறந்து ஒரு கிழமையில் கொப்பியோடு கூப்பிட்டார். நாலு நாள் வட்டம் சுற்றியிருக்கிறது. அக்காவின் போன் அந்த நாலு நாளும் அணைந்திருந்ததாகக் குறித்திருக்கிறார். நாலு நாளின் குறிப்பு நிரலிலும் ஒரே சொல்: மழை. மழை இல்லாத நாளில் ஒரு வட்டமும் இல்லை. ரவுட்டரின் லைன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்த அந்த நேரத்தில் இரைச்சல் விளிம்பு, அதாவது இரைச்சலைத் தாங்க லைனிடம் இருக்கும் கையிருப்பு, வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது, லைன் அறுந்து அறுந்து மறுபடி பிடித்திருந்தது. செப்புக் கம்பி எங்கேயோ ஒரு பெட்டியில் நனைகிறது.

இந்தத் தடவை அழைப்பு மையத்துக்குப் பெரியப்பாவே பேசினார். ஸ்லோ என்ற சொல்லைப் பாவிக்கவில்லை. திகதி, மணி, பிங், மழை என்று கொப்பியிலிருந்து வாசித்தார். மறுமுனையில் இருந்த பிள்ளை பெக்கேஜைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஆள் அனுப்பியது. வந்தவர் ஒழுங்கை முனையிலிருந்த பெட்டியைத் திறந்து, பச்சை பிடித்திருந்த இரண்டு முனைகளை வெட்டிப் புதிதாக இணைத்துவிட்டுப் போனார். அன்றிரவு நல்ல மழை. கொப்பியில் அந்த வரியின் வட்ட நிரலில் பெரியப்பா ஒரு பூச்சியம் போட்டிருக்கிறார், கொஞ்சம் பெரிதாக.